வாஷிங்டன் எழுதுன உயிலும் அதுல அடங்காத 153 பேரும்

பத்திரம் எழுதுறது எங்க வீட்டுத் தொழில். அப்பா எழுதுனாரு, அவருக்குப் பிறகு நான் எழுதுறேன், மதுரையில ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம்தான் எங்க பொழப்பு. கிரயம், தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, உயில்னு நாள் முழுக்க அடுத்தவங்க சொத்தும் அடுத்தவங்க குடும்பமும்தான் கண்ணு முன்னால ஓடிக்கிட்டே இருக்கும். அதனாலயே எந்த ஊரு பழைய பத்திரம் கெடைச்சாலும் விடாம படிப்பேன். அப்படித்தான் அமெரிக்காவோட ஜார்ஜ் வாஷிங்டன் எழுதுன உயிலைப் படிச்சேன், நெட்ல முழுசா இருக்கு, படிச்சதுலருந்து மனசுல ஓடிக்கிட்டே கெடக்கு.

முதல் ஜனாதிபதின்னுதான் ஸ்கூல்ல படிச்சிருப்போம். அந்தப் பதவியில அவரு இருந்தது எட்டு வருஷம். மத்தபடி பட்டாளத்துல இருந்த காலம் போக மிச்ச வாழ்க்கையெல்லாம் வர்ஜீனியாவுல பெரிய பண்ணைக்காரர். அவரு குடும்பத்தைப் புரிஞ்சுக்கணும்னா சண்டைக் கதையை விட சொத்து எப்படி கைமாறுச்சுன்னு பார்க்கணும்ங்கிறது என் கட்சி.

கொள்ளுத்தாத்தா ஜான் வாஷிங்டன் 1657 வாக்குல இங்கிலாந்துலருந்து வர்ஜீனியாவுக்கு வந்தவரு. அப்பா அகஸ்டினுக்கு ரெண்டு தாரம். மூத்த தாரம் செத்த பிறகு மேரி பால்ங்கிறவங்களைக் கட்டினாரு, அவங்களுக்குத் தலப்பிள்ளை ஜார்ஜ், 1732 பிப்ரவரி 22ல பொறந்தது. பையனுக்கு 11 வயசுல, 1743ல அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. அப்பா எழுதுன உயில்படி மூத்த தாரத்து மூத்த மகன் லாரன்ஸுக்கு பொட்டோமாக் ஆத்தங்கரை நெலம், அடுத்தவருக்கு போப்ஸ் க்ரீக் பண்ணை, நம்ம ஜார்ஜுக்கு ஃபெரி ஃபார்ம்ங்கிற சின்னப் பண்ணை, கூடவே பத்து ஆளுங்க. கூலிக்கு வர்ற ஆளுன்னு நினைச்சுக்காதீங்க, வெலை கொடுத்து வாங்குன மனுசங்க, நெலத்தையும் மாட்டையும் எழுதுற மாதிரி மனுசரையும் சேர்த்து பதினோரு வயசுப் பிள்ளை பேருக்கு எழுதி வைக்கிறாரு ஒரு தகப்பன். அந்த ஊர்ல அப்ப அதுதான் வழக்கம், சட்டமும் அதுதான்.

லாரன்ஸ் அண்ணனுக்கு தம்பி மேல பிரியம் ஜாஸ்தி. 1741ல கார்த்தஹீனா சண்டைக்கு வெர்னன்ங்கிற இங்கிலீஷ் அட்மிரல்கிட்ட வேலை பார்த்தவரு, அந்த விசுவாசத்துலதான் பண்ணைக்கு மவுண்ட் வெர்னன்னு பேரு வச்சாரு. அப்புறம் காசநோய் வந்துருச்சு. காத்து மாறுனா நல்லாகும்னு 1751ல பார்படோஸ் தீவுக்குப் போனாரு, தம்பியும் கூடப் போனாரு, அங்க தம்பிக்கு அம்மை போட்டு பொழைச்சதுதான் மிச்சம். அண்ணன் 1752ல போயிட்டாரு. உயில்ல பெண்டாட்டி ஆனுக்கு ஆயுள் பாத்தியம் எழுதி, மகளுக்கு வாரிசு இல்லாமப் போனா ஆனோட காலத்துக்குப் பிறகு தம்பி ஜார்ஜுக்குன்னு எழுதியிருந்தாரு. அந்தக் கொழந்தையும் 1754ல தவறிப்போச்சு. அண்ணி மறுகல்யாணம் பண்ணி வேற ஊருக்குப் போயிட்டாங்க, அதனால அண்ணிகிட்டயே குத்தகைக்கு எடுத்து பண்ணையைப் பார்த்தாரு ஜார்ஜ், 1761ல அண்ணி எறந்த பிறகுதான் சர்வ பாத்தியத்தோட சொத்து அவருக்கு வந்துச்சு. ஆயுள் பாத்தியம் எப்படி வேலை செய்யும்னு சின்ன வயசுலயே அனுபவிச்சுத் தெரிஞ்சவருங்கிறதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அவரு முதல்ல பார்த்த உத்தியோகம் சர்வேயர். 17 வயசுலயே கல்பெப்பர் கவுண்டிக்கு சர்வேயர். காட்டையும் மேட்டையும் சங்கிலி போட்டு அளந்து அளந்தே நல்ல நெலம் எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு வாங்கிப் போட்டாரு.

பட்டாளக் கதையை வேகமா சொல்லிட்டுப் போயிர்றேன், எங்கயும் கெடைக்கும். 1754ல 22 வயசுல ஃபிரெஞ்சுக்காரங்களோட மோதி ஃபோர்ட் நெசசிட்டியில சரணடைஞ்சாரு, அடுத்த வருஷம் இங்கிலீஷ் ஜெனரல் பிராடக் படை சின்னாபின்னமானப்ப கூட இருந்தாரு, ஏறின குதிரை ரெண்டு சுடுபட்டு விழுந்துச்சு, கோட்டுல நாலு ஓட்டை, உடம்புல ஒரு கீறல் இல்ல. அதே இங்கிலீஷ்காரங்களை எதிர்த்து 1775ல அமெரிக்க சுதந்திர யுத்தத்துக்குத் தளபதியானாரு, சம்பளம் வேண்டாம் செலவுக் கணக்கு மட்டும் கொடுங்கன்னுட்டாரு, அந்தக் கணக்கையும் தன் கையாலயே எழுதி வச்சாரு.

இப்ப கல்யாணத்துக்கு வர்றேன், இங்கதான் விஷயமே இருக்கு.

1759 ஜனவரி 6ந்தேதி மார்த்தாவைக் கட்டினாரு. மார்த்தா கைம்பெண், ரெண்டு பிள்ளைக, ஜாக்கின்னு பையன், பாட்ஸின்னு பொண்ணு. முதல் புருஷன் டேனியல் பார்க் கஸ்டிஸ் வர்ஜீனியாவுலயே பெரிய பணக்காரங்கள்ல ஒருத்தர், 1757ல எறந்தாரு, உயில் எழுதாம எறந்தாரு. பெரிய சொத்துக்காரன் உயில் எழுதாமப் போனா என்ன ஆகும்னு எங்க தொழில்ல இருக்கறவனுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த ஊர்ச் சட்டப்படி சொத்துல மூணுல ஒரு பாகம் விதவைக்கு, ஆனா ஆயுள் பாத்தியம் மட்டும்தான். ஆண்டு அனுபவிக்கலாம், விக்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, அவங்க காலத்துக்குப் பிறகு முதல் புருஷனோட வாரிசுகளுக்குத்தான் போகும். அந்த மூணுல ஒரு பாகத்துல நெலம் மட்டுமில்லாம 80க்கும் மேற்பட்ட அடிமைகளும் அடக்கம். தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமை, தாய் யாரு பாத்தியத்துல இருக்காளோ பிள்ளையும் அந்த பாத்தியத்துலதான். அப்ப 80 சொச்சம் பேரு நாப்பது வருஷத்துல 153 பேரு ஆகிட்டாங்க.

எங்ககிட்ட வர்ற பெரியவங்க இன்னைக்கும் உயிலுன்னா பின்வாங்குவாங்க. மேலூர்ப் பக்கத்து ஐயா ஒருத்தர் நிலப்பத்திர வேலையா வந்தப்ப, "அப்படியே உயிலும் எழுதிருங்கய்யா, ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் பின்னாடி அலையக்கூடாதுல்ல"ன்னேன், "ஏப்பா, அது எமனுக்கு நாமளே ஓலை அனுப்பின மாதிரில்ல ஆகும்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. டேனியல் கஸ்டிஸுக்கு வயசு 45தான், அவருக்கு என்ன தோணுச்சோ. அவரு எழுதாம விட்ட ஒரு காகிதத்தால அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க.

வாஷிங்டனுக்கும் மார்த்தாவுக்கும் பிள்ளை இல்ல. பாட்ஸிக்கு வலிப்பு, பார்க்காத டாக்டர் இல்ல, 1773 ஜூன்ல 17 வயசுல சாப்பிட்டு எந்திரிச்ச கொஞ்ச நேரத்துல வலிப்பு வந்து போயிருச்சு. அந்தப் பொண்ணோட பங்குல பாதி வாஷிங்டன் கைக்கு வந்து, லண்டன் வியாபாரிக்கு இருந்த கடனை அடைச்சாரு. கடன் வந்தது பொகையிலையால. நம்ம திண்டுக்கல் பக்கம் பொகையிலை போட்டவங்களைக் கேட்டா தெரியும், மண்ணோட சத்தை எப்படி உறிஞ்சுதுன்னு. 1760கள்லயே பொகையிலையை விட்டுட்டு கோதுமைக்கு மாறினாரு, மாவு மில்லு வச்சாரு, ஆத்துல வலை போட்டு மீனை உப்புக் கண்டம் போட்டு வித்தாரு, 16 பக்கம் வச்ச வட்டமான களத்துமேட்டுக் கட்டடம் கட்டி குதிரையை விட்டு மாடியில தாம்பு ஓட்டி மணி கீழ உதிர்ற மாதிரி பண்ணினாரு, கடைசி காலத்துல விஸ்கி காய்ச்சுற ஆலை வரைக்கும் போயி 1799ல மட்டும் கிட்டத்தட்ட 11,000 காலன் வித்தாரு. மூளைக்கார வெவசாயி, சந்தேகமே இல்ல. 8,000 ஏக்கர், அஞ்சு பண்ணை, உழைச்சது பூரா அடிமைப்பட்ட சனங்க.

யுத்தம் பூரா அவரு பக்கத்துலயே குதிரையில போனவரு வில்லியம் லீ, 1768ல விலைக்கு வாங்குன ஆளு. சுதந்திரத்துக்குச் சண்டை போடுற தளபதிக்குப் பக்கத்துல எட்டு வருஷம் அவரோட அடிமை. அந்த யுத்தத்தோட முடிவு தெரிஞ்சு போனது 1781 அக்டோபர் 19, யார்க்டவுன்ல இங்கிலீஷ் தளபதி கார்ன்வாலிஸோட படை ஆயுதத்தைக் கீழ வச்சப்ப. அதே கார்ன்வாலிஸ்தான் 1786ல நம்ம நாட்டுக்கு கவர்னர் ஜெனரலா வந்தவரு, திப்பு சுல்தானை மடக்கி 1792 ஒப்பந்தத்துல திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு எழுதி வாங்குனவரு. அவரு வங்காளத்துல கொண்டு வந்த ஜமீன் ஏற்பாடு பின்னாடி 1803ல சிவகங்கை, ராமநாதபுரத்துக்கும் வந்துச்சு, இன்னைக்கும் அந்தப் பக்கத்து மூலப்பத்திரத்தைத் தூக்கினா ஜமீன் பேரு வராம இருக்காது. அங்க தோத்த மனுசன் இங்க வந்து நம்ம பட்டா சிட்டாவோட தலையெழுத்தை எழுதியிருக்காருன்னு யோசிச்சா எனக்கு ஒரு மாதிரி ஆகிரும்.

அதே யார்க்டவுன் கேம்ப்புலதான் ஜாக்கிக்குக் காய்ச்சல் வந்து நவம்பர் 5ந்தேதி எறந்தாரு, 26 வயசு. நாலு பிள்ளைக. அவரும் உயில் எழுதல! அப்பனும் எழுதல மகனும் எழுதல. கடைக்குட்டிக ரெண்டையும், நெல்லியையும் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸையும், தாத்தா பாட்டியே மவுண்ட் வெர்னன்ல வச்சு வளர்த்தாங்க.

இப்ப உயில். 1799 ஜூலை 9ந்தேதி, 29 பக்கம், வக்கீல் யாரையும் கேக்காம தானே யோசிச்சு தன் கையால எழுதுனது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில கையெழுத்து, 23ஆம் பக்கத்துல மட்டும் விட்டுப்போச்சு. எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு பக்கம் விட்டுப்போனா அன்னைக்கு பூரா எனக்குச் சோறு எறங்காது. நம்மூர்ல உயிலுக்கு ரெண்டு சாட்சி கட்டாயம், அங்க சாட்சி இல்லாட்டியும் கையெழுத்து அவரோடதுதான்னு தெரிஞ்சவங்க கோர்ட்டுல சத்தியம் பண்ணாப் போதும். பின்னாடி தபசில் மாதிரி ஒரு பட்டியல், எந்த நெலம் எங்க, எத்தனை ஏக்கர், ஏக்கர் என்ன வெலைன்னு பூரா எழுதி கூட்டுத்தொகை 5,30,000 டாலர்னு போட்டிருக்காரு. மிச்ச சொத்தை 23 பாகமாப் பிரிச்சு அண்ணன் தம்பி தங்கச்சி பிள்ளைகளுக்கு, பெண்டாட்டி பேரப்பிள்ளைகளுக்குன்னு ஒருத்தரையும் விடல. கூடப் பொறந்தவங்களோட மகன்கள்ல அஞ்சு பேருக்கு ஆளுக்கொரு வாள், தன்னைக் காக்கவோ நாட்டைக் காக்கவோ தவிர உறையிலருந்து எடுக்கக்கூடாதுன்னு நிபந்தனை.

எனக்கு ரொம்பப் புடிச்சது தகராறு ஷரத்து. ஏதாவது சண்டை வந்தா கோர்ட்டுக்குப் போகாதீங்க, நேர்மையான மூணு பேரை வச்சு முடிச்சுக்கங்க, இந்தக் கட்சி ஒருத்தரைச் சொல்லணும், அந்தக் கட்சி ஒருத்தரைச் சொல்லணும், அந்த ரெண்டு பேரும் சேர்ந்து மூணாவது ஆளைச் சொல்லணும், அவங்க சொல்றதுதான் தீர்ப்புன்னு எழுதியிருக்காரு. எங்கூரு பஞ்சாயத்தும் இதே கணக்குதான்.

கடன் பைசல், மார்த்தாவுக்கு ஆயுள் பாத்தியம், அதுக்கு அடுத்ததே அடிமைகளைப் பத்தின ஷரத்துதான். அம்புட்டு முன்னால வச்சிருக்காரு. மார்த்தா காலத்துக்குப் பிறகு என் பாத்தியத்துல இருக்கற எல்லாருக்கும் விடுதலை, வயசானவங்களுக்கு, முடியாதவங்களுக்கு சோறு துணி என் சொத்துலருந்து கொடுக்கணும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்து 25 வயசுல விடணும், ஒருத்தரையும் வர்ஜீனியாவுக்கு வெளிய விக்கக்கூடாது, இதை எந்தச் சாக்கும் சொல்லித் தட்டிக் கழிக்கக்கூடாதுன்னு கறாரா எழுதியிருக்காரு. வில்லியம் லீக்கு மட்டும் உடனே விடுதலை, வருஷத்துக்கு 30 டாலர். அவருக்கு அப்ப ரெண்டு முட்டியும் ஒடிஞ்சு போயி செருப்புத் தைச்சுக்கிட்டு இருந்தாரு.

ஆனா மவுண்ட் வெர்னன்ல அப்ப இருந்த 317 அடிமைகள்ல அவரு பாத்தியத்துல இருந்தது 123 பேருதான். 153 பேரு கஸ்டிஸ் வீட்டுச் சொத்து, மிச்சம் பக்கத்துப் பண்ணையில வாடகைக்கு எடுத்தது. அந்த 153 பேரை விடுவிக்க எனக்கு அதிகாரம் இல்லன்னு உயில்லயே எழுதியிருக்காரு. ரெண்டு தரப்புக்கும் ஒருத்தருக்கொருத்தர் கல்யாணம் ஆகி குடும்பமா கலந்து கெடந்தாங்க, பிரிச்சா வேதனைதான் மிஞ்சும்னும் எழுதியிருக்காரு.

1799 டிசம்பர் 14ந்தேதி தொண்டை அடைச்சு எறந்தாரு. அன்னைக்கு மார்த்தாவைக் கூப்பிட்டு மேசையிலருந்து ரெண்டு உயிலை எடுத்து வரச் சொல்லி, ஒன்னைக் காட்டி இது இனிமே செல்லாதுன்னு கொடுத்தாரு, அவங்க அதை நெருப்புல போட்டாங்க. பழைய உயிலை கையோட அழிக்கச் சொன்னாரு பாருங்க, இதை எத்தனை பேருகிட்ட தலைபாடா அடிச்சுக்கறேன் நான். எரிஞ்சதுல என்ன எழுதியிருந்துச்சோ, அது அவரோடயே போச்சு.

மார்த்தா தன் சாவு வரைக்கும் காத்திருக்கல, 1801 ஜனவரி 1ந்தேதியே அந்த 123 பேரை விட்டுட்டாங்க. நம்ம சாவுக்காக இத்தனை பேரு காத்திருக்காங்கன்னு அவங்களுக்கு உள்ளுக்குள்ள பயம்னு அப்பவே ரெண்டாவது ஜனாதிபதியோட மனைவி அபிகெயில் ஆடம்ஸ் கடிதத்துல எழுதியிருக்காங்க. 1802 மே மாசம் மார்த்தாவும் போனாங்க. அவங்க பேர்ல சொந்தமா இருந்த ஒரே ஆளு எலிஷ், அவரையும் பேரனுக்கு எழுதி வச்சுட்டுப் போனாங்க. 153 பேரும் நாலு பேரப்பிள்ளைகளுக்கு நாலு பங்கா பாகப்பிரிவினை ஆச்சு. வில்லியம் லீயோட தம்பி ஃபிராங்க், வீட்டு பட்லர், விடுதலை ஆகிட்டாரு, அவரு பெண்டாட்டி லூசி சமையல்காரி, கஸ்டிஸ் பாத்தியம், அவளும் பிள்ளைகளும் அடிமையாவே போனாங்க. நான் எத்தனையோ பாகப்பிரிவினை எழுதியிருக்கேன், கெணத்துத் தண்ணிக்கு முறை வச்சு, தென்னை மரத்தை எண்ணி எழுதியிருக்கேன். மனுசரை நாலு கூறு போட்ட இந்தக் கணக்கைப் படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு.

சட்டம் அவரு கையைக் கட்டிருச்சுன்னு சொல்லி விட்டுற முடியாது. கஸ்டிஸ் வாரிசுகளுக்கு ஈடு கொடுத்து மீட்டிருக்கலாம், காசு பெரிசுதான், ஆனா அம்புட்டு ஆயிரம் ஏக்கர் மேக்குப் பக்கத்து நெலம் கையில வச்சிருந்தவரு. அதை விட என்னால பொறுக்க முடியாதது ஒனா ஜட்ஜ் விஷயம். மார்த்தாவோட பணிப்பெண், கஸ்டிஸ் பாத்தியம். ஜனாதிபதி வீடு பிலடெல்ஃபியாவுல இருந்தப்ப, அந்த மாகாணச் சட்டப்படி வெளியூர்க்காரர் அடிமையை ஆறு மாசத்துக்கு மேல அங்க வச்சிருந்தா அவங்களுக்கு விடுதலை. அதுக்குச் சிக்காம ஆறு மாசம் ஆகறதுக்குள்ள வெளிய அனுப்பி அனுப்பித் திரும்பக் கூட்டிட்டு வந்தாரு வாஷிங்டன். பேத்தி எலிசபெத்துக்குக் கல்யாணச் சீரா தன்னைக் கொடுக்கப் போறாங்கன்னு ஒனாவுக்குத் தெரிஞ்சு போச்சு. 1796 மே 21, எசமானும் எசமானியும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப வெளிய எறங்கிப் போயி கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்துட்டா. வயசு இருபத்தி சொச்சம். சுங்க அதிகாரியை விட்டுத் தேடச் சொன்னாரு ஜனாதிபதி, பின்னாடி 1799ல, அதாவது இந்த உயில் எழுதுன அதே வருஷம், மார்த்தாவோட சொந்தக்காரர் ஒருத்தர் கூட்டிட்டு வரப் போனாரு, லாங்டன்ங்கிற செனட்டர் வீட்டுல அவரு அதைச் சொல்லப்போயி அங்கிருந்து சேதி ஒனாவுக்குப் போக, அவ தப்பிச்சுட்டா. கட்டுன புருஷன் செத்து, பிள்ளைகளையும் பறிகொடுத்து, ரொம்ப வறுமையில 1848 வரைக்கும் இருந்தா. கடைசி காலத்துல பேப்பர்க்காரங்க வந்து, இம்புட்டு கஷ்டப்பட்டியே, விட்டுட்டு வந்தது வருத்தமான்னு கேட்டதுக்கு இல்லன்னு சொன்னா. காகிதப்படி சாகற வரைக்கும் அவ கஸ்டிஸ் வீட்டுச் சொத்துதான்.

அங்க நடந்த அநியாயம்னு நாம ஒதுங்கிக்கவும் முடியாது. நம்ம தமிழ்நாட்டுலயும் ஆளோலைன்னு மனுசரை வித்த ஓலைகள் இருக்கு, நெலத்தோட சேர்த்து ஆளையும் கைமாத்தியிருக்காங்க, 1843ல சட்டம் வந்த பிறகுதான் அது கோர்ட்டுல செல்லாமப் போச்சு. அந்த ஓலைகளை எழுதுனதும் என்னை மாதிரி ஒரு கணக்கன்தான்.

மவுண்ட் வெர்னன் தம்பி மகன் புஷ்ராடுக்குப் போச்சு, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் அவரு, 1821ல தன் அடிமைகள்ல 54 பேரை வித்தாரு. பெரியப்பா உயிலைப் படிச்சு நிறைவேத்த வேண்டிய எக்ஸிக்யூட்டர்கள்ல ஒருத்தரே அவருதான்.

கஸ்டிஸ் பேரன், தாத்தா பாட்டி வளர்த்த அந்தக் கடைக்குட்டி, தன் பங்குக்கு வந்தவங்களை வச்சு ஆர்லிங்டன்ல பெரிய மாளிகை கட்டினாரு. அவரு மக மேரி கட்டிக்கிட்டது ராபர்ட் ஈ லீயை, உள்நாட்டு யுத்தத்துல அடிமை மாகாணங்களுக்குத் தளபதியா நின்னவரு. யுத்தத்துல வரி கட்டலன்னு அரசாங்கம் 1864ல அந்த எஸ்டேட்டை எடுத்துக்கிட்டு அதுல செத்த சிப்பாய்களைப் பொதைச்சாங்க, அதுதான் இன்னைக்கு இருக்கற ஆர்லிங்டன் மயானம். லீயோட மகன் கேஸ் போட்டு 1882ல சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சு 1,50,000 டாலர் வாங்கினாரு, கையில தாத்தா கஸ்டிஸோட உயில் இருந்துச்சுல்ல.

அதே எஸ்டேட்டுல இன்னொரு வாரிசு இருந்தாங்க. மரியா. பழைய மவுண்ட் வெர்னன்ல மார்த்தாவுக்குப் பணிவிடை செஞ்ச ஏரியானா கார்ட்டருக்கும் இந்தக் கஸ்டிஸ் பேரனுக்கும் பொறந்த மக. அவரு வெளிய மகள்னு சொல்லிக்கல. ஆனா சார்லஸ் சைஃபாக்ஸ்ங்கிறவரோட 1821ல மாளிகையிலயே கல்யாணம் பண்ணி வச்சாரு, பின்னாடி மரியாவுக்கு விடுதலை கொடுத்து 17 ஏக்கர் நெலமும் கொடுத்தாரு. வாயால கொடுத்தாரு. பத்திரம் போடல. எஸ்டேட் அரசாங்கத்துக்குப் போனப்ப இந்த 17 ஏக்கரும் சேர்ந்து போயிருச்சு, காட்டறதுக்கு மரியா கையில ஒரு துண்டுக் காகிதம் இல்ல. மூத்த மகன் வில்லியம் சைஃபாக்ஸ் வாஷிங்டன் நகரத்துல அரசாங்க வேலையில இருந்தவரு, விடாம காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம் வரைக்கும் போனாரு, 1866ல மரியா சைஃபாக்ஸ் பேருலயே ஒரு தனிச் சட்டம் போட்டு அந்த 17 ஏக்கரையும் திருப்பிக் கொடுத்தாங்க. 1886ல எறக்கற வரைக்கும் அந்த அம்மா அந்த நெலத்துலதான் இருந்தாங்க.